சும்மா போனவன்

1

வேலை எதுவும் இல்லாமல், உடன் யாரும் இல்லாமல், ஒரு பெரிய நகரத்தில் ஒரு பகல் முழுக்கச் சுற்றிவிட்டு வருவதில் ஒழுக்கம் சம்பந்தப்பட்ட பிரச்னை ஏதும் உண்டா என்று கேட்டால், இல்லை என்றுதான் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது ருசியைப் பொறுத்த விஷயம். ஒருவனுக்குக் கச்சேரி, ஒருவனுக்குச் சீட்டாட்டம், இன்னொருவனுக்குத் தெரு. இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை எனக்கே தெளிவுபடுத்திக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

என் ஊர் சீவலப்பேரி. பாளையங்கோட்டைக்கு வடகிழக்கே, சிற்றாறு வந்து தாமிரபரணியில் கலக்கும் இடம். முக்கூடற்பள்ளு பாடுகிற முக்கூடல் இதுதான். பீடிக்குப் பேர்போன முக்கூடல் வேறு. அந்தப் பள்ளில் மாட்டுக்கும் மீனுக்கும் நெல்லுக்கும் வகைவகையாகப் பெயர் உண்டு. மூத்த பள்ளி முக்கூடல்காரி, இளைய பள்ளி மருதூர்க்காரி. யார் யாருக்கு என்ன முறை, யார் யார் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும் என்பதில் சந்தேகமே கிடையாது. பெயர் உறுதிப்படாத ஒரே ஆள், அதைப் பாடிய புலவர்.

ஊர் இன்றைக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. யாரும் பெயரில்லாமல் நடமாட முடியாது. ஆற்றுக்குப் போகிற வழியில் நாலு இடத்தில் ‘எங்க போறிய?’ என்று கேட்பார்கள். ஆற்றுக்குத்தான் என்பது தோளில் கிடக்கும் துண்டிலேயே தெரியும். இருந்தும் கேட்பார்கள். விவரம் தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதல்ல அது. உன்னைப் பார்த்துவிட்டேன், நீ இன்னார் என்று எனக்குத் தெரியும் என்பதற்கு ஒரு ரசீது. அதற்கு எந்தப் பதிலும் சொல்லலாம், ‘சும்மாதான்’ என்பதைத் தவிர. சும்மா போகிறவனை ஊர் நம்பாது. சித்தம் கலங்கியவன் சும்மா போவான், அல்லது களவாணி, அல்லது வெளியே சொல்ல முடியாத ஏதோ விவகாரம் உள்ளவன்.

2014 ஐப்பசியில், தீபாவளி கழிந்த வாரம், நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி மறுநாள் காலை எழும்பூரில் இறங்கினேன். அன்றிரவே திரும்புவதாக ஏற்பாடு. பார்க்க வேண்டிய ஆள் இல்லை, முடிக்க வேண்டிய காரியமும் இல்லை. புத்தகம் ஒன்று வாங்க வேண்டும் என்று வீட்டில் பொய் சொல்லியிருந்தேன். சும்மா போய்வருகிறேன் என்றால் வீட்டிலும் நம்பமாட்டார்கள்.

ஸ்டேஷனுக்கு எதிரில் நின்று டீ குடித்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. காசை வாங்கினார், சில்லறையைத் தள்ளினார். அந்த அலட்சியத்தில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. நகரத்தின் அலட்சியத்தைப் பற்றி நம்முடைய புதுக்கவிதையில் புலம்பல் ஏராளம். முகம் தெரியாத கூட்டம், கான்கிரீட், அந்நியம், தனிமை. புலம்பியவர்கள் ஊரில் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று யாராவது பார்த்திருக்கிறார்களா? ‘நீங்க யார் வீட்டுப் பிள்ளை?’ என்ற கேள்வியை அன்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டுமானால், அதற்குக் கௌரவமான ஒரு பதில் கையிருப்பில் இருக்க வேண்டும். பதில் அப்படி அமையாதவனுக்குக் கேள்வியே இல்லாத இடம்தான் விடுதலை. எங்கள் ஆற்றங்கரையிலிருந்து எத்தனையோ பேர் அந்த ரயிலில் ஏறியதற்குப் பிழைப்பு மட்டும் காரணமல்ல. எனவே நகரத்தின் அலட்சியத்தைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

எழும்பூரிலிருந்து நடந்தே பாந்தியன் சாலை மியூசியத்துக்குப் போனேன். அங்கே எங்கள் ஆற்றங்கரைக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள். சீவலப்பேரிக்குக் கீழே, ஆற்றின் தென்கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் முதலில் அங்கே தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு 1899 தொடங்கி 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தாழிகள், இரும்பு ஆயுதங்கள், பிராணி உருவங்கள் வைத்த வெண்கல மூடிகள், நெற்றியில் கட்டும் பொற்பட்டங்கள். அவர் எடுத்தவற்றில் ஒரு பகுதி எழும்பூரில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

அவற்றின் முன்னால் வெகுநேரம் நின்றேன். யாருடைய நெற்றி, யாருடைய வாள் என்பதற்கு வழியில்லை. பெயர் போய்விட்டது, முறை போய்விட்டது, தெரு போய்விட்டது. நம் பக்கத்து ஆட்களை ‘எங்க போறிய’ என்று ஒருவரும் கேட்க முடியாத நிலையில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்வையால் அவர்களுக்கு நஷ்டமில்லை. அவர்கள் பதிலுக்கு என்னைப் பார்க்கப் போவதில்லை, என்னிடம் ஒன்றும் கேட்கப் போவதுமில்லை. பார்ப்பது என்பது இவ்வளவு சுத்தமான காரியமாக இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. பையில் வைத்திருந்த நோட்டில் அதைக் குறித்தும் கொண்டேன்.

இப்போது யோசிக்கையில், வெளியே வந்தபோது அந்தக் கண்ணாடியை என்னோடு எடுத்துக்கொண்டே வந்துவிட்டேன் என்று படுகிறது. மியூசியத்தில் எப்படி நின்று பார்த்தேனோ அப்படியே தெருவையும் பார்க்க ஆரம்பித்தேன். பூந்தமல்லி நெடுஞ்சாலை, சென்ட்ரல். மூர் மார்க்கெட் இருந்த இடம். 1985இல் எரிந்து போனது. அதற்குப் பிறகு புறநகர் ரயில் நிலையம் வந்துவிட்ட அந்த இடத்தில் நின்று, அங்கே பழைய புத்தகம் வாங்கியவர்கள் எழுதியதையெல்லாம் நினைத்துக்கொண்டேன். அங்கிருந்து பாரிமுனைப் பக்கம். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

3

மழை பிடித்தது இரண்டு மணிக்கு மேல் இருக்கும். எல்லோரும் கடை வாசல்களில் ஒதுங்கினார்கள். நானும் ஒதுங்கினேன். மழை கொஞ்சம் விட்டதும் மற்றவர்கள் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குப் போக வேண்டிய இடம் இல்லாததால் அங்கேயே நின்றேன்.

எதிர்ச்சாரியில், மூடிக்கிடந்த ஒரு கடையின் ஷட்டரில் சாய்ந்தபடி ஒரு கிழவர் நின்றிருந்தார். அழுக்கு வேட்டி. கையில் பழுப்பு நிறத்தில் எக்ஸ்ரே உறை. வைத்தியத்துக்கென்று வெளியூரிலிருந்து வந்தவர்போல் இருந்தது. உறை நனையாமலிருக்க அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால் மடங்கி, ஷட்டரில் உரசிக்கொண்டே கீழே உட்கார்ந்தார். பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தார். உறை தண்ணீரில் விழுந்தது.

ஜனங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். குடித்திருக்கிறார் என்று நினைத்திருக்கலாம். அந்த நடமாட்டத்தின் நடுவில் அவர் தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தார். ஏன் என்னை என்பது அப்போது புரியவில்லை. அந்தத் தெருவில் நகராமல் நின்ற ஆள் நான் ஒருவன்தான். கையைக் கொஞ்சம் உயர்த்தி ஏதோ சொன்னார். பஸ் இரைச்சலில் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது நிஜம். உதடு அசைந்ததைப் பார்த்தேன் என்பதும் நிஜம்.

நான் போகவில்லை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் யாராவது கவனிப்பார்கள் என்று நினைத்தேன். ஊருக்குப் புதியவன், ஆஸ்பத்திரி எங்கே என்றுகூடத் தெரியாது, போலீஸ் கீலீஸ் என்று வந்தால் இரவு ரயில் போய்விடும் என்றும் நினைத்தேன். ஆனால் நினைப்புகளெல்லாம் பிற்பாடு வந்தவை. முதலில் வந்தது ஒரு எரிச்சல். இந்த நாள் கெட்டுவிடப் போகிறதே என்ற எரிச்சல். பதினைந்து இருபது வருஷமாக ஆசைப்பட்டு, பொய் சொல்லி, தனியாக வாங்கிக்கொண்டு வந்த நாள். யாரும் என்னை ஒன்றும் கேட்கக்கூடாது என்பதற்காகவே வந்த இடத்தில் ஒருவர் என்னைக் கேட்டுவிட்டார். திரும்பி, வந்த முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பஸ் நகர்ந்ததும் நோட்டை எடுத்தேன். எக்ஸ்ரேப் படத்துக்குள் இருக்கும் விலா எலும்பு மழையில் நனைவதைப் பற்றி ஒரு வரி எழுதினேன். அந்த வரி பிறகு ஒரு கவிதைக்குள் போயிற்று. கவிதை அச்சிலும் வந்தது. நண்பர்கள் இரண்டு பேர் அந்த வரியைக் குறிப்பிட்டு நன்றாயிருந்ததாகக் கடிதம் எழுதினார்கள். அதற்குப் பதில் எழுதி நன்றியும் சொன்னேன்.

4

தனியாக நகரத்தில் அலைகிறவன் நவீன இலக்கியத்துக்குப் பழைய சிநேகிதன். 1840இல் எட்கர் ஆலன் போ எழுதிய ஒரு கதை. லண்டனில் ஒரு இலையுதிர்கால மாலை, காப்பிக் கடை ஜன்னல் கண்ணாடி வழியே கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் ஒருவன். ஒரு கிழவரின் முகம் அவனை இழுக்கிறது. எழுந்து பின்தொடர்கிறான். ராத்திரி முழுக்க, மறுநாள் பகல் முழுக்கத் தொடர்கிறான். கடைசியில் எதிரே நின்று முகத்தை உற்றுப் பார்க்கிறான். கிழவர் அவனைக் கவனிக்காமல் போய்விடுகிறார். ஆழ்ந்த குற்றத்தின் உருவம் இந்தக் கிழவர் என்று முடிவு கட்டுகிறான் அவன். பாதலேரும் பிறகு பென்யமினும் இந்தக் கதையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சாதாரணமான ஒரு கேள்விதான் உண்டு. ஒரு முழு நாள் பின்னாலேயே போனவன், ‘பெரியவரே, சாப்பிட்டீர்களா?’ என்று ஏன் கேட்கவில்லை? குற்றத்தின் உருவம் யார் என்பது அந்தக் கதையில் அவ்வளவு நிச்சயமில்லை.

இலையுதிர்காலம் நமக்குக் கிடையாது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். அந்தக் கூதிரில் நடக்கிற ஒருவன் நம் இலக்கியத்திலும் இருக்கிறான். நெடுநல்வாடையில் பாசறை அரசன் நள்ளிரவில், வாடைக்காற்றில், தூங்காமல் புண்பட்ட வீரர்களைப் பார்த்து வருகிறான். முன்னால் போகிறவன் வேலால் ஒவ்வொருவராகச் சுட்டிக் காட்டுகிறான். அரசன் ஒவ்வொருவரையும் பார்க்கிறான். இங்கே பார்ப்பதே ஒரு சிகிச்சை மாதிரி. ஆனால் இதையும் நான் அப்படியே ஏற்றுக்கொள்ளத் தயங்குகிறேன். அந்தப் புண்கள் அவனுக்காக வாங்கியவை. அவன் பட்ட கடனைத்தான் கொடுக்கிறான். பாரிமுனைக் கிழவருக்கு நான் எந்த வகையிலும் கடன்பட்டவன் அல்ல. அப்படியிருக்க அவர் என்னைக் கூப்பிட்டது எந்த பாத்யதையில்? பிரச்னை இங்கேதான் தொடங்குகிறது.

1973இல் டார்லி, பேட்சன் என்ற இரண்டு மனவியலாளர்கள் பிரின்ஸ்டனில் நடத்திய சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். பாதிரிமார் படிப்பு மாணவர்கள் 40 பேர். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போய்ப் பேச வேண்டும். வழியில் ஒருவன் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருப்பான், அது ஏற்பாடு. அவசரம் இல்லாமல் அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது உதவினார்கள். நேரமாகிவிட்டது, ஓடு என்று விரட்டி அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம். அவர்களில் ஒரு பாதிப் பேர் பேசப் போனது நல்ல சமாரியன் உவமையைப் பற்றி. அது பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தவில்லை.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்னைச் சுற்றிக்கொண்டு போன அந்த ஜனங்களுக்கு இந்தக் கணக்கு ஒரு சாக்கைக் கொடுத்துவிடுகிறது. அவர்களுக்கு ஆபீஸ், லோடு வண்டி, பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தை. எனக்கு? அன்றைக்கு அந்தத் தெருவில் அவசரமே இல்லாத மனிதன் நான். இரவு வண்டி வரைக்கும் ஆறு மணி நேரம் என் கையில் இருந்தது. சும்மா வந்தவன் என்பதுதான் என் பெருமை. அந்தப் பெருமையை நான் ஒப்புக்கொண்டால், கிழவரின் கை வேறு யாரையும்விட என்னை நோக்கித்தான் நீண்டிருக்க முடியும். நேரம் இருந்தது, கண் இருந்தது, நின்றுகொண்டும் இருந்தேன். பாத்யதை ரத்தத்தாலும் கடனாலும் மட்டும் வருவதில்லை. ஓய்வாலும் வருகிறது.

5

இதையே ஊரில் சந்தித்திருந்தால் போயிருப்பேனா என்று கேட்டுக்கொண்டேன். போயிருப்பேன். ஒருமுறை ஆற்றுப்பாலத்துப் பக்கம் சைக்கிளிலிருந்து விழுந்தவரை ஆட்டோவில் ஏற்றிப் பாளையங்கோட்டை வரை கொண்டுபோயிருக்கிறேன். அதை ஊர் இன்னும் சொல்கிறது. ஆனால் அப்போது என் முதுகில் எத்தனை கண்கள். போகாமலிருந்தால் சாயங்காலமே டீக்கடையில் என் பெயர் அடிபடும். பிளேட்டோவில் ஒரு மோதிரம் வருகிறது. போட்டுக்கொண்டால் ஆள் மறைந்துவிடுவான். மறைந்தபின் அவன் யோக்கியனாக இருப்பானா என்பது கேள்வி. ஊரில் அந்த மோதிரம் கிடைக்காது. நகரத்தில் எழும்பூர் ஸ்டேஷனில் இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் கிடைக்கிறது. நான் போட்டுப் பார்த்தேன். விடை தெரிந்துவிட்டது.

அப்படியானால் ஊர் நல்லது, நகரம் கெட்டது என்று முடித்துவிடலாமா? திரும்பி வந்த மறுநாள் டீக்கடையில் இந்தச் சம்பவத்தைச் சொன்னேன். நான் பஸ் ஏறியதை விட்டுவிட்டு, ஜனங்கள் சுற்றிக்கொண்டு போனதை மட்டும் சொன்னேன். எல்லோரும் நகரத்தைத் திட்டினார்கள். பெஞ்சில் இருந்த ஒரு அண்ணாச்சி மட்டும் கேட்டார்: ‘ஆள் யாரு? நம்ம பக்கத்து ஆளா?’

நல்லவர். கேட்டதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் ‘நம்ம பக்கத்து ஆள்’ என்பதில் எத்தனை பொருள் உண்டு என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எந்த ஊர், எந்தத் தெரு, யாருடைய பிள்ளை. எங்கள் பக்கத்தில் விழுந்தவனுக்குத் தண்ணீர் போகும் முன்னால் இந்தக் கேள்வி போய்விடும். சில நேரம் தண்ணீர் பின்னாலேயே போகும், சில நேரம் போகாது, சில நேரம் வேறு டம்ளரில் போகும். நான் சைக்கிள்காரரைத் தூக்கினேனே, அவர் யார் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். தெரியாமலிருந்தால் எவ்வளவு நேரம் யோசித்திருப்பேன் என்பதை இதுவரை நான் யோசித்ததில்லை. ஊரில் நான் செய்த நல்லது பார்க்கிறவர்களுக்காகவும் பெயர் தெரிந்தவனுக்காகவும் செய்தது. நகரத்தில் இரண்டும் இல்லை என்றதும் ஒன்றுமில்லாமல் போயிற்று.

பெயரில்லாத ஒருவனுக்குப் பெயரில்லாத ஒருவன் செய்வது என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் புகழும் இல்லை, பிரதியுபகாரமும் இல்லை, சாதியும் இல்லை. அப்படி ஒரு காரியம் நடக்க முடிகிற இடம் ஊர் அல்ல, நகரம். 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சில வழிமுறைகளுக்குச் சட்ட பலம் கொடுத்தது. சாலை விபத்தில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பவர் தன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் உதவுகிறவருக்குப் பாதுகாப்பாக ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. போலீஸ் பயத்தைப் போக்குவதற்காக வந்த ஏற்பாடு. ஆனால் என் கண்ணில் பட்டது வேறு. பெயர் சொல்லாமல் ஒருவன் நல்லது செய்துவிட்டுப் போகலாம் என்பதை ஒரு சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. எதை அனுபவிக்க நான் நகரத்துக்குப் போனேனோ, அதே பெயரின்மைதான். அதை வைத்து இப்படியும் செய்யலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஒளிந்துகொள்ளத்தான் தோன்றிற்று.

அந்தக் கவிதையிலிருந்து எக்ஸ்ரே வரியை எடுத்துவிட்டேன். அதனால் கவிதை மோசமாகிவிட்டது, கிழவருக்கும் ஒன்றுமில்லை. அவர் எழுந்து போனாரா, யாராவது தூக்கினார்களா என்று எனக்குத் தெரியப் போவதில்லை. இந்தக் கட்டுரையும் அவரிடமிருந்து எடுத்ததுதான் என்பதையும் அறிவேன். எழுதுகிறவர்கள் எல்லோரும் தெருவைப் பார்க்கிறோம். பார்க்காமல் எழுத முடியாது. பார்ப்பது குற்றமென்று நான் சொல்லவில்லை. ஆனால் கண்ணாடி மியூசியத்தில்தான் இருக்கிறது, தெருவில் இல்லை. தெருவில் நாம் பார்க்கிறவர் நம்மையும் பார்க்கிறார்.

இதற்குப் பிறகும் நகரத்துக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. ஐப்பசியில் தோதுப்பட்டபோதெல்லாம் போகிறேன், தனியாகத்தான், வேலை எதுவும் இல்லாமல்தான். சும்மா போவது தப்பு என்ற முடிவுக்கு நான் வரவில்லை. வேலையாகப் போகிறவனைவிடச் சும்மா போகிறவனுக்குப் பொறுப்பு அதிகம் என்பதுதான் நான் வந்து சேர்ந்திருக்கும் இடம். ஆற்றுக்குப் போகும் வழியில் ‘எங்க போறிய?’ என்று கேட்டால் இப்போது ‘சும்மாதான்’ என்று சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல்லுக்கு நான் இன்னும் லாயக்கு ஆகவில்லை என்பது கேட்கிறவர்களுக்குத் தெரியாது.